கொத்தமல்லி: தொட்டியில் வளர்த்தல்

கொத்தமல்லி என்பது சீரகம், சோம்பு, ஓமம், காரட் முதலியவற்றை உள்ளடக்கிய ஏபியேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததும், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் கொரியாண்ட்ரம் சடைவம் என்று சாஸ்திரீய நாமம் அளித்ததுமான ஓராண்டுப் பூண்டு. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையும் மேற்காசியாவும் இதன் பூர்வீகம் எனக் கருதப்படுகின்றன. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் சமாதியிலும் இதன் காய்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும் மானாவாரிப் பயிர் தனியாவுக்காக விளைவிக்கப்படுவது. மாடியிலும் முற்றத்திலும் வைக்கும் தொட்டியில் நாம் நாடுவதோ தழை. இவ்விரண்டு நோக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. குளிர்ந்த பருவத்தில் தழைத்து, உஷ்ணம் ஏறியதும் பூத்துக் காய்த்து ஆயுளை முடித்துக்கொள்வது இச்செடியின் சுபாவமாதலால், தழைக்கும் பூவுக்கும் இடைப்பட்ட அந்தச் சொற்ப காலத்தை இயன்றவரை நீட்டிப்பதும், நீட்ட இயலாதபோது மறுவிதைப்பால் ஈடுசெய்வதுமே தொட்டி வளர்ப்பவரின் வேலை முழுவதும்.

தனியா தாவர சாஸ்திரப்படி ஒரு கனி; உருண்டையான அதனுள் இரண்டு விதைகள் முகத்தோடு முகம் பொருந்தி அடங்கியிருக்கின்றன. முழுதாக ஊன்றினாலும் முளைக்கும் என்றாலும், கெட்டியான அதன் ஓட்டைக் கடந்து ஈரம் உட்புகத் தாமதமாகுமாதலால், சமதளத்தில் பரப்பி, அடி தட்டையான டம்ளரால் இலேசாக அழுத்தி உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைப்பது நம் வீடுகளில் பழகிவந்த நல்ல முறை. பொடியாகும் அளவுக்கு நசுக்கினால் முளைக்கரு சேதமாகும். மளிகைக் கடைத் தனியாவும் புதிய சரக்காயின் முளைப்பதுண்டு. எனினும் விதைக்கென்றே விற்பதை வாங்குவது உத்தமம். கோயம்புத்தூரில் உருவான கோ வரிசை வகைகளுள் தழைக்கும் விதைக்கும் ஒருங்கே பயன்படுவன உள்ளன. ஏறத்தாழ 1 செ.மீ. ஆழத்தில் தூவி மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்துவந்தால் 8 முதல் 15 நாட்களுக்குள் முளை வெளிப்படும். அதற்குள் பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பவர், வேரோடத் தொடங்கிய முளைகளைத் தாமே முறித்துவிடுகின்றனர்.

இதற்கு ஆணிவேர் உண்டு. அது கலைக்கப்படுவதைச் சகிப்பதில்லை. ஆகையால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதைக் காட்டிலும், வளரவேண்டிய தொட்டியிலேயே நேராக விதைப்பதே முறை. மண்தொட்டியோ, மரப்பெட்டியோ, வளர்ப்புப் பையோ எதுவாயினும் 20 செ.மீ. ஆழமும், அடியில் நீர் வடியும் துளைகளும் இருந்தால் போதும். ஆழத்தினும் வாய் அகலமே அதிகம் பயன் தரும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமபாகமாகக் கலந்த கலவை போதுமானது. பாரம் குறைய வேண்டி மாடித் தோட்டத்தார் சேர்க்கும் தென்னைநார்க் கழிவை, அதிலுள்ள உப்பு நீங்க இருமுறை நீரில் அலசிக்கொள்வது அவசியம்.

இனி, இப்பயிரை வளர்ப்போர் அனைவரையும் கலக்கமுறச் செய்யும் விஷயம் அது அகாலத்தில் பூவுக்குப் போய்விடுவது. அடியில் விசிறிபோல் அகன்ற இலைகளை விட்டுக்கொண்டிருந்த செடி, ஒருநாள் நடுத்தண்டை உயர்த்தி, நூலிழையாகக் கிழிந்த மெல்லிய இலைகளை விடத் தொடங்குமாயின், அதன் தழைப்பருவம் முடிந்துவிட்டது என்று பொருள். தண்டைக் கிள்ளி எறிவதால் கிடைக்கும் அவகாசம் சில தினங்களே. இதற்குக் காரணங்கள் பல: உஷ்ணம் மிகுதல், பகற்பொழுது நீளுதல், வேர் வறளுதல், செடிகள் நெருங்கி நிற்றல். தொட்டி மண்ணோ நிலத்து மண்ணைவிட விரைவில் சூடேறி விரைவில் உலர்வது. எனவே தொட்டிப் பயிருக்கு இவ்வபாயம் இரட்டிப்பு. ஐப்பசி முதல் மாசி வரை நேர்வெயிலில் செழிக்கும் இப்பூண்டு, பங்குனிக்குப்பின் காலை வெயில் மட்டும் படும் கீழ்ப்புறத்துக்கோ நிழல்வலையின் கீழோ மாற்றப்பட வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளியில் எத்தனை சிரத்தை காட்டினாலும் பலன் அற்பமே. அக்காலத்தில் இளந்தழையாகவே பறித்துவிடும் எண்ணத்தோடு விதைப்பதே விவேகம்.

விதைத்த 35 முதல் 45 நாட்களில் தழை பறிக்கலாம். சந்தைக்கு வருவதுபோல் வேரோடு பிடுங்காமல், நடுக்குருத்தை விட்டு வெளியிலைகளை மட்டும் கிள்ளினால் இரண்டு மூன்று முறை துளிர்க்கும். (பிடுங்கிய செடியின் வேரும் வீணன்று; தாய்லாந்தின் சமையலில் அதை இடித்துச் சேர்ப்பது வழக்கம்.) மூன்று, நான்கு தொட்டிகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்றாக மாறிமாறி விதைத்துவரும் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் தழைக்குக் குறைவிராது. அசுவினி கண்டால் நீரைப் பீய்ச்சி அடிப்பதும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும். சாம்பல் நோயும் நாற்றழுகலும் பெரும்பாலும் நெருக்கத்தாலும் மிகை நீராலும் வருவன.

தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் என்னும் ரசாயனப் பொருள்கள் காயிலும் பச்சையாயிருக்கும் வரை உள்ளன. முற்றி உலர்கையில் அவை குன்ற, லினலூல் மேலோங்கித் தனியாவின் இனிய நறுமணம் பிறக்கிறது. அந்த ஆல்டிஹைடுகளை நுகர்வோர் சிலருக்குத் தழை சோப்பு வாசனையாகத் தோன்றுவதில் பரம்பரைக் கூறுக்கும் பங்குண்டு.

பூவுக்குப் போன செடிகளையெல்லாம் பிடுங்கிவிடுவது அவசரம். குடைபோல் விரியும் அவற்றின் வெண்மையான அல்லது இளஞ்சிவப்பான பூங்கொத்துகள் தேனீக்களை வரவழைத்து அயலிலுள்ள காய்கறிப் பூக்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகின்றன. விதைத்து 90 முதல் 110 நாட்களில் காய்கள் பழுப்பேறியதும், உதிர்வதற்கு முன்னர்க் காலை வேளையில் கொத்தோடு கொய்து நிழலில் உலர்த்தி, ஈரம் படாத டப்பாவில் வைத்து, அடுத்த ஐப்பசிக்கே விதைத்துவிட வேண்டும். வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத் திறன் குறைந்துகொண்டே போகும்.