யார் அந்தச் 'சக' ஆய்வாளர்?

மனநல ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினால் என்ன நடக்கிறது? முதலில் ஆசிரியர் படிக்கிறார். தேறினால், அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் படித்துக் குறைநிறைகளை எழுதித் தருகிறார்கள். ஏற்பதா, திருத்தச் சொல்வதா, நிராகரிப்பதா என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். இதற்குப் பெயர் சக ஆய்வாளர் மதிப்பாய்வு. இது எல்லா இதழ்களுக்கும் பொதுவிதியானது அண்மைக் காலத்தில்தான். 'நேச்சர்' இதழே 1973இல்தான் இதைக் கட்டாயமாக்கியது.

இந்த முறையில் 'சக' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள்? அமெரிக்க வரலாறு ஒரு பாடம் சொல்கிறது.

1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் எண்ணியது. வட மாநிலங்களில் கறுப்பின மக்களில் 162 பேருக்கு ஒருவர். அடிமைமுறை இருந்த தென் மாநிலங்களில் 1,558 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. அதாவது விடுதலைதான் நோய், அடிமைத்தனம்தான் மருந்து! 1844இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் கால்ஹூன் இந்த எண்களைக் காட்டியே அடிமைமுறையை நியாயப்படுத்தினார்.

மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் 1842இல் பாஸ்டன் மருத்துவ இதழில் இந்த எண்களை நம்பி எழுதினார். பிறகு ஊர்வாரியாகச் சரிபார்த்தார். மெய்ன் மாநிலத்தின் ஸ்கார்பரோவில் கறுப்பின மக்கள் ஒருவர்கூட இல்லை. கணக்கிலோ கறுப்பின மனநோயாளிகள் 6 பேர். மாசசூசெட்ஸின் வொர்செஸ்டர் மனநல மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளையர்கள் கறுப்பினத்தவர் பத்தியில் ஏறியிருந்தார்கள். அதே ஆண்டில் திருத்தம் வெளியிட்ட ஜார்விஸ், 1844இல் விரிவான மறுப்பும் எழுதினார். அரசு கணக்கைத் திருத்தவில்லை.

அதே 1844இல் இந்தக் கணக்கை உடைத்த இன்னொருவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்கக் கல்லூரிகள் கதவடைத்ததால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்று 1837இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அவரைக் கடைசிவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பட்டம் இருந்தது, புள்ளியியல் அறிவு இருந்தது. 'சக' மருத்துவர் என்ற இடம் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த இடம் யாருக்குக் கிடைத்தது? 1851இல் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதை 'டிராப்டோமேனியா' என்ற மனநோய் என்று எழுதினார். அதைத் தடுக்கச் சாட்டையடியையும் பரிந்துரைத்தார். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழ் அதை அச்சிட்டது. தப்பி ஓடியவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும் அந்த ஆய்வு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் துறையின் கட்டமைப்பு இனவெறிக்காக 2021 ஜனவரியில்தான் மன்னிப்புக் கேட்டது.

இன்று பல இதழ்கள் எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பாய்வு செய்கின்றன. நல்லதுதான். ஆனால் மதிப்பாய்வாளரைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அவருக்குத் தெரிந்த வட்டத்தில் நம்மவர் இல்லையென்றால், பெயரை மறைப்பதால் அந்த வட்டம் விரிந்துவிடாது.

நம் மக்களின் மனநலம் பற்றிய ஆய்வைப் படிக்கும் மாணவத் தோழர்கள் முடிவுரையோடு நிற்காதீர்கள். அட்டவணையைப் பாருங்கள்: யாரை எண்ணினார்கள், எந்தப் பத்தியில் போட்டார்கள்? தவறு கண்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். ஆய்வுப் பட்டம் முடித்தவர்கள் மதிப்பாய்வாளராகப் பெயர் கொடுங்கள். ஸ்மித்துக்கு மறுக்கப்பட்ட நாற்காலி அது.