பத்து மில்லி பால், நாற்பது குழந்தைகள்: ஒரு சான்றின் மறுவாசிப்பு

தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் பவுடர் பாலும் கொடுத்தால், தாய்ப்பால் கெடுவதற்குப் பதில் நீடித்து நிலைக்கும் என்ற கருத்து மருத்துவ எழுத்தில் வேரூன்றி வருகிறது. இதற்கு ஆதாரமாகத் திரும்பத் திரும்பச் சுட்டப்படுவது, வலேரி ஃப்ளாஹெர்மன் தலைமையில் கலிஃபோர்னியாவில் நடந்து, 2013-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான சோதனை. அச்சோதனை கவனமாக வடிவமைக்கப்பட்டது. அதன் மீது எனக்குக் குறையில்லை. அதிலிருந்து ஒரு பொது அனுமதியை வருவித்துக்கொள்ளும் வாசிப்பையே இக்கட்டுரை மறுக்கிறது.

சோதனை சொல்வதை முதலில் பார்ப்போம். பிறந்து 24 முதல் 48 மணி நேரத்திற்குள், பிறப்பு எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ இழந்த, நிறைமாதத்தில் பிறந்த 40 குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு முறை தாய்ப்பால் குடித்த பின்பும், புரதம் நன்கு சிதைக்கப்பட்ட பால்மாவுப் பால் 10 மில்லி, சிரிஞ்சு மூலம் தரப்பட்டது. தாய்க்கு முதிர்பால் ஊறியதும் அது நிறுத்தப்பட்டது. மற்றக் குழு தாய்ப்பாலை மட்டும் தொடர்ந்தது. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் முதல் குழுவில் 79 விழுக்காடு; இரண்டாவதில் 42. கேட்டவுடன் வியக்க வைக்கும் இடைவெளி இது.

விழுக்காட்டைக் குழந்தைகளாக மாற்றி எண்ணினால் வியப்பு அடங்கிவிடும். 79 விழுக்காடு என்பது மூன்றாம் மாதத் தகவல் கிடைத்த 19 பேரில் 15 பேர். 42 என்பது 19 பேரில் 8 பேர். இரு குழுக்களுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று கொண்டாலும் இத்தகைய முடிவு தற்செயலாகக் கிடைக்கும் நிகழ்தகவு 0.02 என்று ஆய்வு காட்டியது. ஃபிஷரின் துல்லியச் சோதனையில் இதே எண்களை இட்டுப் பார்த்தேன். இருபக்கக் கணக்கில் விடை ஏறத்தாழ 0.045 வந்தது. பிறகு முதல் குழுவில் ஒரே ஒரு குழந்தையை மட்டும் மாற்றி, 15-ஐ 14 ஆக்கினேன். நிகழ்தகவு ஏறத்தாழ 0.10-க்கு உயர்ந்துவிட்டது. வழக்கமாக ஏற்கப்படும் எல்லை 0.05. ஒரு தாய் மூன்றாம் மாதத்தில் வேறு விதமாக முடிவெடுத்திருந்தால், இந்தச் சான்று சான்றாகவே நின்றிருக்காது.

இதைவிட ஆழமான சிக்கல் அந்த 5 விழுக்காட்டு எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதைத் தொட்ட குழந்தைகளை ‘ஆபத்து வாய்ப்புள்ளவர்கள்’ என்று சோதனை வகைப்படுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015-இல், அதே ஃப்ளாஹெர்மன் குழுவினர் வட கலிஃபோர்னியாவில் தாய்ப்பால் மட்டும் குடித்த 1,08,907 குழந்தைகளின் எடைப் பதிவுகளைக் கொண்டு மணிவாரியான எடையிழப்பு வரைபடங்களை வெளியிட்டனர். அதன்படி சுகப்பிரசவக் குழந்தைகளின் இடைநிலை எடையிழப்பு 24 மணி நேரத்தில் 4.2 விழுக்காடு, 48 மணி நேரத்தில் 7.1. சிசேரியன் குழந்தைகளுக்கு அது முறையே 4.9, 8.0. சோதனையில் ஆபத்தின் தொடக்கமாகக் குறிக்கப்பட்ட 5 விழுக்காடு, இந்த வயதில் பாதிக் குழந்தைகள் இயல்பாகவே தொட்டுக் கடக்கும் அளவு.

ஓர் எடுத்துக்காட்டு. சிசேரியனில் 3,000 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை 36 மணி நேரத்தில் 2,820 கிராம் நிற்கிறது. இழப்பு 180 கிராம், 6 விழுக்காடு. கட்டிலருகே நிற்கும் பாட்டி, “பால் இன்னும் இறங்கல, புள்ள எளைச்சுப் போச்சு” என்பார். எடைத்தாளைப் பார்க்கும் பணியாளருக்கும் கை பவுடர் டப்பாவை நோக்கிப் போகும். வரைபடத்தில் வைத்துப் பார்த்தாலோ, அக்குழந்தை நடுக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்து புரோஜெஸ்டிரோன் சரிந்த பின்னரே பால் பெருகத் தொடங்கும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை குழந்தைக்கு உரியது சீம்பால். கையால் பீய்ச்சினால் கரண்டியின் அடியில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டி நிற்கும் அந்தச் சிறு அளவுதான் முதல் நாளின் உணவு. தாய்ப்பால் மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி என்றே கணக்கிடுகிறது.

ஆய்வுக்குழுவும் பழைய எல்லைக்கோட்டில் நின்றுவிடவில்லை. 2018-இல் வெளியான அடுத்த சோதனையில் 164 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். இம்முறை அளவுகோல், வயதுக்கும் பிரசவ முறைக்கும் ஏற்ப, எடையிழப்பில் மேல் காற்பகுதியில் இருப்பது. முதல் மாத முடிவில் பவுடர் பால் இன்றித் தாய்ப்பால் குடித்தவர்கள், கூடுதல் பால் பெற்ற குழுவில் சுமார் 55 விழுக்காடு. பெறாத குழுவில் 65. இவ்வேறுபாடு தற்செயலாக இருக்கலாம். ஆனால் 2013-இல் கண்ட நன்மை இங்கே மீண்டும் தென்படவில்லை. 2019-இல் அதே குழந்தைகளின் ஓராண்டு நிறைவு முடிவுகள் வெளியானபோது, தாய்ப்பால் தொடர்ந்தவர்கள் முறையே 30, 48 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல் எல்லையையும் கடந்தது. நாற்பது பேரின் முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் நூற்று அறுபத்து நான்கு பேரின் முடிவை விட்டுவிடுவது ஏற்கத்தக்கதன்று.

எதிர்ப்பக்கத்தின் வலிமையான வாதம் ஒன்றுண்டு. அதை மறைக்கக் கூடாது. 2018 சோதனையில் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த நான்கு குழந்தைகளும் கூடுதல் பால் பெறாத குழுவினர். எண்ணிக்கை சிறிது, உறுதியான முடிவுக்கு இடமில்லை. எனினும் நீரிழப்பால் இரத்தத்தில் சோடியம் ஏறிய குழந்தையையும், மஞ்சள் காமாலை முற்றிச் சோர்ந்து துவண்ட குழந்தையையும் அறிந்த எவரும் இதை அலட்சியப்படுத்த மாட்டார்கள். கூடுதல் பால் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதைத் தாமதிப்பது தவறு. அவர்களைக் கண்டறிவதற்கு 5 விழுக்காடு என்ற கோடு உதவாது என்பதே என் வாதம்.

நம் வார்டுகளுக்கு இச்சான்று வந்து சேர்ந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். சோதனையில் தாய்ப்பாலுக்குப் பின் தரப்பட்டது இங்கே பெரும்பாலும் தாய்ப்பாலுக்கு முன்பே தரப்படுகிறது. பத்து மில்லி என்ற அளவும் நழுவிவிடுகிறது. டப்பாவோடு வரும் கரண்டி பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கானது; ஒரு கரண்டி கரைத்தாலே சோதனை அளவைப் போல மூன்று மடங்கு. பாலாடையில் ஊற்றிய பிறகு மிச்சம் வைக்க யாருக்கும் மனம் வராது. வயிறு நிறைந்து உறங்கும் குழந்தை அடுத்த வேளை மார்பைத் தேடாது; உறிஞ்சாத மார்பில் பால் ஊறுவதும் தாமதமாகும். எப்போது நிறுத்துவது என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுவதும் அரிது.

கலிஃபோர்னிய வரைபடம் தமிழ்க் குழந்தைக்குப் பொருந்துமா என்பார்கள். சோதனையை அங்கிருந்து எடுத்து வந்தவர்கள் வரைபடத்தை மட்டும் மறுக்க முடியாது. சிசேரியன் மிகுந்த இடத்தில் நிலைமை வேறு என்பார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21-இல் தமிழகப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். அதனால்தான் சிசேரியனுக்கெனத் தனிக்கோடு வகுத்த வரைபடம் நமக்கு இன்னும் தேவை. பிரசவத்தின்போது தாய்க்கு ஏற்றிய டிரிப் நீர் பிறப்பு எடையைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் என் பக்கமே சேரும் வாதம்.

கூடுதல் பாலை ஒரு மருந்தாகக் கருத வேண்டும். கொடுப்பதற்கு முன் குழந்தை மார்பில் சரியாகக் கவ்வுகிறதா என்று ஒரு முறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். தேவை என்று தெளிந்தால், முதலில் தாயிடமிருந்தே பீய்ச்சிய சீம்பால், அடுத்து தாய்ப்பால் வங்கியின் பால், அதற்கும் வழியில்லாதபோது பவுடர் பால். காரணம், அளவு, நிறுத்தும் வேளை ஆகிய மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மூன்றையும் எழுத முடியாத இடத்தில் அந்தப் பாலுக்குத் தேவையும் இல்லை.