லேகியம் சாப்பிட்டால் வயது குறையுமா? முதுமை பற்றி ஆயுர்வேதம் சொல்வது என்ன?

நாற்பதைத் தாண்டியதும் முட்டி வலி, தூக்கக் குறைவு, மறதி என ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். 'இதைச் சாப்பிடுங்க, பத்து வயசு குறைஞ்சிடும்' என்ற விளம்பரங்களும் அப்போதுதான் கண்ணில் படும். முதுமையைப் பற்றி ஆயுர்வேத நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன? எதைப் பின்பற்றலாம், எதில் கவனம் தேவை?

ரசாயனம் என்றால் என்ன?

ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் ஒன்று ரசாயனம். வேதிப்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உடலின் தாதுக்கள் நல்ல நிலையில் இருக்கவும், முதுமையின் தொல்லைகள் தள்ளிப்போகவும் வழி சொல்லும் பிரிவு இது. சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியே ரசாயனத்தில்தான் தொடங்குகிறது. கடைகளில் விற்கும் சியவனப்பிராசம் இடம்பெறுவதும் அங்கேதான். முதுமையில் தளர்ந்த சியவன முனிவர் இதனால் இளமை பெற்றார் என்பது புராணக் கதை. இதன் முக்கியச் சரக்கு நெல்லிக்காய்.

வயதானால் உடலில் என்ன நடக்கிறது?

சரகரின் கணக்குப்படி 30 வயது வரை இளமை, 60 வரை நடுவயது, அதற்கு மேல் முதுமை. முதுமையில் வாதம் ஓங்கும். தோல் வறட்சி, மலச்சிக்கல், மூட்டு வலி, தூக்கமின்மை எல்லாம் அதன் அடையாளங்கள். பிற்காலத்து நூலான சாரங்கதர சம்ஹிதை பத்துப் பத்து ஆண்டாகக் கணக்குப் போடுகிறது. மூன்றாவது பத்தில் மேனிப் பொலிவு, ஐந்தாவதில் தோலின் உறுதி, ஆறாவதில் பார்வை குறையத் தொடங்கும் என்கிறது.

எப்போது தொடங்க வேண்டும்?

பலரும் தவறவிடும் இடம் இதுதான். ரசாயனத்தை இளமையிலோ நடுவயதிலோ எடுக்க வேண்டும் என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. அதாவது, வண்டி பழுதாவதற்கு முன்பே செய்யும் பராமரிப்பு மாதிரி. அதற்கு முன் உடலைச் சுத்தி செய்ய வேண்டும், அழுக்குத் துணியில் சாயம் ஏறாது என்றும் நூல்கள் சொல்கின்றன.

தனிக் குடிலில் அடைந்து எடுக்கும் கடுமையான முறையும் உண்டு. 1938-ல் மதன் மோகன் மாளவியா தனது 76-வது வயதில் இப்படிக் காயகல்ப சிகிச்சை எடுத்துக்கொண்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆனாலும் முதுமை நிற்கவில்லை. 1946-ல் அவர் காலமானார்.

மருந்தே இல்லாத ரசாயனம்

சரகர் சொல்லும் 'ஆசார ரசாயனம்' நடத்தை சார்ந்தது. உண்மை பேசுவது, கோபத்தைக் கட்டுப்படுத்துவது, மதுவைத் தவிர்ப்பது, அளவாகத் தூங்குவது, பெரியவர்களை மதிப்பது ஆகியவை இதில் அடக்கம். இவற்றோடு வீட்டிலேயே செய்யக்கூடியவை:

• எண்ணெய் தேய்ப்பு: தலை, காது, பாதம் மூன்றையும் விடக்கூடாது என்கிறார் வாக்படர். அஜீரணம் இருக்கும்போது வேண்டாம்.

• உடற்பயிற்சி: பலத்தில் பாதி அளவுக்கு மேல் போகக்கூடாது. மூச்சு முட்டும் வரை செய்வது இந்த முறையில் இல்லை.

• சாப்பாடு: முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு, சூடாக, அளவாக.

அறிவியல் என்ன சொல்கிறது?

நல்ல தூக்கம், நடைப்பயிற்சி, அளவான உணவு ஆகியவை முதுமையில் உதவும் என்பதை நவீன மருத்துவமும் ஏற்கிறது. மூலிகைகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மனிதர்களின் வயதைப் பின்னோக்கித் திருப்பும் மருந்து என எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோயாளிகள்: லேகியங்களில் சர்க்கரையோ வெல்லமோ அதிகம். சியவனப்பிராசமும் அப்படித்தான்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் கூடலாம், பொட்டாசியம் குறையலாம்.

தைராய்டு, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள்: அமுக்கரா எனும் அஸ்வகந்தா தைராய்டு அளவை மாற்றலாம். கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-ல் இதற்குத் தடை விதித்தது.

பஸ்பம், செந்தூரம் சாப்பிடுபவர்கள்: இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டனர். சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. உலோகம் சேர்க்கும் ரச மருந்துகளில் இது அதிகம். சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே கூடாத வகை இவை.

வாங்கும் முன் லேபிளில் உரிம எண், தயாரிப்புத் தேதி, சேர்மானங்கள் இருக்கிறதா எனப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தப் பட்டியலைப் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடுக்கும் லேகியம், சூரணத்தின் பெயரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'மூலிகைதானே, என்ன ஆகப்போகுது' என்று அவர்களாகவே சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.