கொடுக்குக்கு விஷம் வந்த கதை

1985. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் மில்லரின் குழு ஒரு விசித்திரப் புரதத்தை உலகுக்கு அறிவித்தது. மேற்காசிய, வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் திரியும் லியூரஸ் என்ற மஞ்சள் தேளின் விஷத்தில் கிடைத்தது அது. தசைச் செல்களின் சவ்வில் பொட்டாசியம் போய்வர நுண்ணிய வாசல்கள் உண்டு. இந்தப் புரதம் நேராக அந்த வாசலில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிட்டது. கரிப்டோடாக்சின் என்று பெயரிட்டார்கள். பிறகு எண்ணிப் பார்த்தால் மொத்தமே 37 அமினோ அமிலங்கள்! இத்தனூண்டுப் பொருளுக்கு இவ்வளவு குறி தப்பாத வேலையை யார் கற்றுக்கொடுத்தது? விடைக்கான முதல் துப்பு ஓர் ஈயின் புழுவுக்குள் இருந்தது.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் பூச்சிகளின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அழுகலிலேயே பிறந்து வளரும் ஈப்புழுவைக் கிருமிகள் ஏன் சாய்ப்பதில்லை? எதிர்ப்பைத் தூண்டிவிட்டுப் புழுவின் இரத்தத்தைச் சோதித்தபோது, 1989இல் பாக்டீரியாவைக் கொல்லும் இரண்டு புரதங்கள் சிக்கின. ஒவ்வொன்றிலும் 40 அமினோ அமிலங்கள், மூன்று கந்தகப் பிணைப்புகள். டிஃபென்சின் குடும்பத்தில் சேர்த்தார்கள். கரிப்டோடாக்சினோ ஆளை வீழ்த்தும் விஷம், டிஃபென்சினோ உயிர் காக்கும் மருந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை, இரண்டு ஆண்டுகளுக்கு.

1991இல் பிரான்சின் சக்லே ஆய்வுக்கூடத்தில் பிரான்சுவா போந்தெம் குழுவினர் கரிப்டோடாக்சினின் முப்பரிமாண வடிவத்தைத் துல்லியமாக வரைந்தெடுத்தார்கள். ஒரு சுருள், ஒரு மடிப்புத் தகடு, இரண்டையும் இழுத்துக் கட்டும் மூன்று கந்தகப் பிணைப்புகள். அச்சு அசலாக ஈயின் டிஃபென்சின் மடிந்திருந்த அதே மடிப்பு! தேளின் வம்சமும் ஈயின் வம்சமும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இது இரத்த உறவா, தற்செயலான ஒற்றுமையா? தேளின் உடம்பையே சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

1993இல் ஸ்ட்ராஸ்பர்க்கும் சக்லேயும் கைகோத்தன. இம்முறை கொடுக்கை விட்டுவிட்டு, அதே லியூரஸ் தேளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அங்கே 38 அமினோ அமிலங்களோடு ஒரு டிஃபென்சின் உட்கார்ந்திருந்தது. கொடுக்கில் கொல்வதும் இரத்தத்தில் காப்பதும் ஒரே வார்ப்பு. இதில் மூத்தது எது?

2013இல் சீனத் தேள் ஒன்றின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது. மனிதனுக்குப் புரத மரபணுக்கள் சுமார் 20,000. அந்தத் தேளுக்கோ 32,016. நரம்பைத் தாக்கும் விஷங்களின் மரபணுக் குடும்பம் பெருகிக் கிடந்தது. மரபணு பிரதியாகும்போது சில சமயம் ஒன்று இரண்டாகிவிடும். மூலப்பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருந்தால் நகலில் அடித்தல் திருத்தல் விழுந்தாலும் சொத்துக்கு ஆபத்தில்லை. ஒரு பிரதி கிருமியைக் கொன்றுகொண்டே இருக்க, மற்றது மாறி மாறி விஷமாகியிருக்கலாம். ஆனால், ‘இருக்கலாம்’ போதாதே! மருந்தை விஷமாக மாற்றிக் காட்டினால்தான் வழக்கு முடியும்.

மறு ஆண்டே அது நடந்தது. பெய்ஜிங்கின் சூ ஷுன்யியும் பெல்ஜியத்தின் யான் டைட்காட்டும் அடங்கிய குழு, ஒட்டுண்ணிக் குளவி ஒன்றின் டிஃபென்சினை எடுத்துக்கொண்டது. பொட்டாசிய வாசலைப் பற்றத் தேவையான பகுதி அதில் ஏற்கெனவே இருந்தது. பொருந்தவிடாமல் தடுத்தது, துருத்திக்கொண்டிருந்த ஒரு சிறு வளையம் மட்டுமே. புதிதாக எதையும் சேர்க்காமல் அந்த வளையத்தை மட்டும் வெட்டினார்கள். காவல்காரப் புரதம் பொட்டாசிய வாசலை இறுகப் பற்றி அடைத்தது! பற்றும் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தபோது பிடி நழுவியது. தேள் விஷம் பிடிக்கும் அதே பிடிதான் என்பது உறுதியாயிற்று.

40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியில் உலவும் தேள், தன் இரத்தத்தில் இருந்த மருந்தின் நகலைத்தான் கொடுக்குக்கு ஏற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனைச் சான்று அதற்கு முன் இருந்ததில்லை. பொட்டாசிய வாசலை அடைக்கும் தேள் விஷம், பிறப்பால் ஒரு கிருமிக்கொல்லி.