படியளந்த நெல்லும் பறிபோன வயலும்: சாமுராய் வகுப்பின் கலைப்பு குறித்து

1868-இல் மெய்ஜி அரசு அமைந்தபோது சாமுராய் வகுப்பினர் குடும்பத்தாரோடு சேர்த்து ஜப்பானிய மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தாறு விழுக்காடு. பல தலைமுறைகளாக ஆட்சியும் போர்த்தொழிலும் அவர்கள் கையில் இருந்தன. அத்தகைய வகுப்பை ஒன்பது ஆண்டுகளுக்குள் அரசு கலைத்துவிட்டது. 1871-இல் தைம்யோக்கள் எனப்பட்ட வட்டாரப் பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1873-இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. 1876 மார்ச்சில் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பரம்பரை ஊதியங்கள் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டன. இதற்கு மேலைநாட்டு அச்சுறுத்தல், பேரரசர் பற்று, கீழ்நிலைச் சாமுராய்களின் சீர்திருத்த வேட்கை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவை பொய்யல்ல, ஆனால் போதா. அடிப்படைக் காரணம் முந்நூறு ஆண்டுகள் பின்னே, சாமுராய் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட காலத்தில் இருக்கிறது.

உள்நாட்டுப் போர்க்காலத்துச் சிறுவீரன் ஊரில் வாழ்ந்தான். வயல் அவனுடையது, போர் வந்தால் தன் ஆட்களோடு கிளம்பினான். நாட்டை ஒருங்கிணைத்த டொயோட்டோமி ஹிதேயோஷி அந்த வேரை அறுத்தார். 1582 முதல் அவர் நடத்திய நில அளவைகள் ஒவ்வொரு வயலின் விளைச்சலையும் உழவன் பெயரில் பதிந்தன. 1588-இல் உழவர்களிடமிருந்த ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1591-இல் போர்வீரர் உழவராகவோ வணிகராகவோ மாறுவது தடுக்கப்பட்டது. உழவன் வாளை இழந்த கதை பலரும் அறிந்தது. வீரன் வயலை இழந்ததே விளைவில் பெரிது.

அடுத்து வந்த தோக்குகாவா ஷோகன்களின் படைத்தலைமை ஆட்சியில் சாமுராய்களில் பெரும்பாலோர் கோட்டை நகரங்களில் குடியேறினர். அவர்கள் தகுதி நெல்லளவால் குறிக்கப்பட்டது: ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி. பெயரளவில் நிலப்பங்கு பெற்றோர் பலருக்கும் வரிவிகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. ஷோகனின் தலைநகரான எடோவில் அவருடைய நேரடி வீரர்கள் அசாகுசா களஞ்சியத்தில் ஊதிய அரிசி பெற்றனர். அதை விற்றுப் பணமாக்கித் தந்தவர்கள் ஃபுதாசாஷி என்னும் தரகர்கள். நாளடைவில் அடுத்த தவணை அரிசியின் மேல் கடன் கொடுப்பதே அவர்களின் முதன்மைத் தொழிலாயிற்று. 1724-இல் 109 பேர் கொண்ட சங்கமாக அவர்கள் அங்கீகாரம் பெற்றனர். 1789-இல் ஷோகனின் தலைமை அமைச்சர் மட்சுதைரா சதனோபு பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தபோது ரத்தான தொகை 11 லட்சம் ரியோ பொற்காசுகளுக்கும் மேல். தன் வருமானத்தை உயர்த்த எந்த வழியும் இல்லாதவன் கடனில் விழாமல் வேறென்ன செய்வான்?

ஆட்சிப்பகுதிகளிலும் இதே நிலைதான். யோனெசாவாவின் உயெசுகி குடும்பம் 12 லட்சம் கோக்குவிலிருந்து படிப்படியாக ஒன்றரை லட்சத்துக்குச் சரிந்தும் தன் வீரர்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டது. அவர்கள் ஊதியத்தில் ஒரு பகுதியைக் 'கடனாக' எடுத்துக்கொண்டே அதனால் காலந்தள்ள முடிந்தது. நிலம் வைத்திருப்பவனிடம் இப்படிக் கைவைப்பது கடினம், படியளக்கப்படுபவனிடம் எளிது.

நிபந்தனையற்ற விசுவாசம் என்னும் புகழ்பெற்ற அறத்தையும் இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1600-இல் செக்கிகஹாரா போர் நடந்துகொண்டிருக்கும்போதே கோபயாகாவா ஹிதேஆகி அணி மாறினார். அக்காலத்தில் தலைவனை மாற்றுவது புதிதல்ல. சாவையே வீரனின் வழியாகப் போற்றும் 'ஹகாகுரே' நூலின் கருத்துகளைச் சொன்ன யமமோட்டோ சுனேடோமோ 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மனிதர், போர்க்களம் காணாதவர். தன் தலைவர் 1700-இல் இறந்தபோது உடன் சாக விரும்பியும் சட்டம் தடுத்ததால் துறவியானவர். செஞ்சோற்றுக்கடன் இவ்வளவு உக்கிரமாகப் பேசப்பட்டது, சோற்றுக்கு வேறு வழியில்லாத காலத்தில்தான்.

அக்காலத்து அறிஞர்களே இதைக் கண்டிருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் குமாசாவா பன்சானும், பின்னர் ஷோகன் யோஷிமுனேவுக்கு ஆலோசனை எழுதிய ஒக்யூ சோராயும் வீரர்களை மீண்டும் கிராமங்களில் குடியமர்த்தச் சொன்னார்கள். நகரத்துச் சாமுராய் சத்திரத்தில் தங்கியவன்போல் எதையும் விலைகொடுத்து வாங்கி அழிகிறான் என்பது சோராயின் கணிப்பு. கூர்மையான அந்தக் கணிப்பு செவிமடுக்கப்படவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று தெற்கே சட்சுமாவில் கிடைக்கிறது. அங்கு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சாமுராய் வகுப்பினர். பலர் கிராமங்களில் தங்கி நிலத்தை உழுதே வாழ்ந்தனர். 1876-இன் பத்திரங்களில் மிக உயர்ந்த 10 விழுக்காட்டு வட்டியும் பெரும்பாலும் அவர்களுக்கே கிடைத்தது. அப்படியிருந்தும் 1877-இல் அரசை உண்மையாக அச்சுறுத்திய ஒரே சாமுராய்க் கிளர்ச்சி அங்கிருந்துதான் எழுந்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சைகோ தக்காமோரியின் தனிச்செல்வாக்கு அதற்குப் பெருங்காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் செல்வாக்கு மட்டுமே படையாகிவிடாது; ஆளும் ஊரும் விளைச்சலும் வேண்டும். சாகா, குமாமோட்டோ, ஹாகி முதலிய இடங்களில் அதற்கு முன் எழுந்த கலகங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிட்டன. சட்சுமாவை அடக்க ஏழு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே 1600-க்குப் பிந்தைய சாமுராய்களை ஐரோப்பிய நிலப்பிரபுக்களோடு ஒரே தட்டில் வைக்கும் பழக்கத்தை வரலாற்று மாணவர்கள் கைவிட வேண்டும். ஒப்பிட வேண்டுமானால், அரசுக் கருவூலத்தை நம்பி வாழ்ந்த பரம்பரை அலுவலர்களோடு ஒப்பிடலாம்.