தும்மலின் வரலாறு

ஒற்றைத் தும்மல் தீமை, இரட்டைத் தும்மல் நன்மை என்று சகுனம் பார்க்கும் நம்மவர், விடியற்காலையில் இருபது முறை தும்முகிறவனை எக்கணக்கில் வைப்பரோ அறியோம். மூக்கின் உட்தோல் நாட்பட அழன்று, நீரொழுகி, மூச்சடைக்கும் இந்நோயை நம் நாட்டு வைத்தியர் பீனிசம் என்பர்.

மேனாட்டாரும் இதில் நெடுங்காலம் இருளிலேயே இருந்தனர். மூளையிலுள்ள கபமே மூக்குவழியே இறங்குகிறதென்று காலென் என்னும் பண்டை வைத்தியர் கொண்ட கொள்கையை ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் வேதம்போல் ஓதி வந்தனர். ஜெர்மானியராகிய கான்ராட் ஷ்னைடர் 1660-களில் அதனை மறுத்து, கபம் இறங்க அங்கே வழியில்லை, மூக்கின் உட்தோலே அந்நீரைச் சுரக்கிறது என நிறுவினார்.

1819-இல் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில வைத்தியர், கோடைதோறும் தம்மை வருத்திய தும்மலையும் கண்ணெரிச்சலையும் விவரித்து இலண்டன் மருத்துவர் சங்கத்திற்குக் கட்டுரை அளித்தார். 1828-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், ஏழைகளிடம் இந்நோய் ஐயமின்றிக் காணப்பட்டதாகத் தாம் கேள்வியுறவில்லை என்றும் எழுதினார். பின்னர் இது சீமான்களுக்கும் கற்றோர்க்குமே உரிய நோயென்று பெருமையாகவும் பேசப்பட்டது! ஏழை வைத்தியரிடம் சென்றாலன்றோ அவன் தும்மல் ஏட்டில் ஏறும்?

வெயிலே காரணம் என்றார் சிலர். உலர்புல்லின் மணமே என்றார் சிலர். மான்செஸ்டர் நகர வைத்தியர் சார்லஸ் பிளாக்லி எவர் சொல்லையும் நம்பி அமைந்தாரில்லை. அவரும் அந்நோயாளியே. ஒவ்வொரு காரணத்தையும் தம் உடலிலேயே சோதித்தார். புல்லின் பூந்தாதுவைத் தம் மூக்கில் இட்டார், தும்மல் கிளம்பிற்று. கைத்தோலைக் கீறி அதன்மேல் வைத்தார்; தடித்தது. காற்றில் தாது எவ்வளவு உயரம் பறக்கிறதென்றறியப் பசை தடவிய கண்ணாடியைக் கட்டிப் பட்டம் விட்டார். முதிர்ந்த வைத்தியர் சிறுவரைப்போல் பட்டம் விடுவதைக் கண்டு அண்டை அயலார் நகைத்திருக்கவும் கூடும். தாம் கண்டவற்றை 1873-இல் நூலாக்கினார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இங்கிலாந்தின் புற்பூக் கோடை இல்லை. தும்மலோ ஆண்டு முழுதும் உண்டு. இதற்கு விடை 1960-களில் ஹாலந்து தேசத்து லெய்டனில் கிடைத்தது. வீட்டுத் தூசியில், நாம் உதிர்க்கும் தோற்செதிலைத் தின்று வாழும் மிகச் சிறிய உண்ணியே தூசித் தும்மலுக்குப் பெருங்காரணம் என வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் காட்டினர். வெப்பமும் ஈரமும் மிக்க நாடு அதற்கு உவப்பானது. பங்களாவின் மெத்தையும் ஒன்றே, லயத்து வீட்டுத் தலையணையும் ஒன்றே. தலையணை உறையையும் போர்வையையும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைத்தால் அவற்றிலுள்ள உண்ணி மடியும். மந்திரித்த கயிறு அதனை ஒன்றும் செய்யாது.