பிரிவு 33 வந்த வழி

பசறையைத் தாண்டி லுணுகலைக்கு வரும் ஏ5 வீதி, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடி வரை போகிறது. தோட்டத்துக்குப் பிரியும் முடக்குகள் பலவற்றில் தார் அந்த இடத்தோடு நின்றுவிடும். அப்பால் கல்லும் சேறும்தான். "நாங்களும் வோட்டுப் போடுறோமே அக்கா, சபை றோட்டு ஏன் இங்கேயே முடியுது?" என்று கொழுந்து மடுவத்தருகே ஒரு தங்கச்சி கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய சட்டங்களுக்குள் இறங்கினேன்.

முதலில் அகப்பட்டது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பிரிவு 33. சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாமல் கையைக் கட்டியது அதுதான். காணிச் சீர்திருத்தத்தால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகம் மட்டுமே. நிலம் அரசுடையது, ஆனால் அதன்மேல் போகும் பாதை பொதுப்பாதை இல்லை! தோட்டத்தாரை உள்ளூராட்சிக்கு வெளியே நிறுத்துவது 1987இல் முளைத்த யோசனையாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே கொழும்பு, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள சுவடிகள் திணைக்களத்துக்குப் போனேன். கிராமச் சங்கங்களுக்கான 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளர் ஆகியோருக்கு வாக்கில்லை. 1937இல் உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க திருத்தம் கொண்டுவந்தபோது முதல் இரு கூட்டத்தாருக்கும் தடை நீங்கியது. இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் அது அப்படியே இருந்தது. இந்திய அரசு ஆட்சேபித்தது.

1937இன் வரைவு, பிறகு நிறைவேறிய சட்டம் ஆகிய இரண்டு வாசகங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தேன். முந்தியதில் 'இந்திய' என்ற சொல் இருந்தது. 1938இல் நிறைவேறியதில் அது இல்லை. எந்த இனத்தவராயினும் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் என்று மாறியிருந்தது. லயங்களில் குடியிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் ஆட்கள்தானே. இனத்தின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முகவரியை வைத்திருக்கிறார்கள். தகுதி பெற்ற தோட்டத் தொழிலாளி 1936இல் அரசாங்க சபைக்கு வாக்களிக்கலாம், பக்கத்துக் கிராமச் சங்கத்துக்கு முடியாது. தோட்டத்தார் கிராமத்துக்கு வரி கட்டுவதில்லை என்பது அன்றைய வாதம். இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மிச்சத்தையும் பறித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை பெருமளவு தீர்ந்து, வாக்காளர் இடாப்பில் பெரும்பாலானோர் ஏறினார்கள். ஆனாலும் தோட்டத்தாரின் வாக்கில் தெரிவான பிரதேச சபை உறுப்பினரும் தம் சொந்த லயத்துக்கு ஒரு மதகு கட்ட முடியாமல் நின்றார். பிரிவு 33 திருத்தப்பட்டது 2018இல்தான். இப்போது தோட்டத்துக்குப் பாதையும் கிணறும் சபை 'செய்யலாம்'. 'செய்ய வேண்டும்' என்று அதில் இல்லை.

'லாம்' எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைச் சபைகளின் வரவு செலவுத் திட்டங்கள்தான் சொல்லும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2019 முதலான கணக்குகளைக் கேட்க, அந்தத் தங்கச்சியோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். முகவரிக்கான கோட்டில் அவள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதினாள். வீட்டு இலக்கம் எழுத ஒன்றுமில்லை. லய இலக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.